தண்டப் பணத்தில் எழுந்த மாளிகை

இலண்டன் மாநகரின் பழைய எல்லைக்குள்ளே, இங்கிலாந்து பாங்கியும் ராயல் எக்ஸ்சேஞ்சு என்னும் வர்த்தக மண்டபமும் நிற்கும் சந்தியில், பல வீதிகள் வந்து கூடுமிடத்தே, ஆறு பெருந்தூண்கள் தாங்கிய முகமண்டபத்துடன் வெள்ளைக் கல்லாலாகிய மாளிகையொன்று விளங்குகின்றது. மான்ஷன் ஹவுஸ் என்பது அதன் பெயர். நகரத்தின் லார்ட் மேயராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் தம் பதவிக்காலமாகிய ஓராண்டு அதில் குடியிருப்பார். 1752-ம் ஆண்டு முதல் இவ்வழக்கம் நடந்து வருகின்றது. 2000-ம் ஆண்டில் இலண்டன் முழுமைக்குமென ஏற்பட்ட மேயர் பதவி வேறு. நாம் இங்கே கூறுவது ஒரு சதுர மைல் அளவினதாகிய பழைய நகரத்தின் தலைவரை. அப்பதவி 1189-ம் ஆண்டளவில் தொடங்கியதாகக் கூறுவர்.

மாளிகையின் அழகைக் கூறும் நூல்கள் பல. தூண் எத்தனை, மண்டபத்தின் நீளம் எவ்வளவு, விருந்துக்கு எத்தனை பேர் அமரலாம் என்பவற்றையெல்லாம் அவை விரித்துரைக்கும். ஆனால் ஒரு பெருங்கட்டடத்தின்முன் நிற்கும் போது நமக்கு முதலில் எழுகின்ற வினா வேறு: இதற்குப் பணம் யார் கொடுத்தார்? மான்ஷன் ஹவுஸைப் பொறுத்தமட்டில் அவ்வினாவுக்குரிய விடை அதன் தூண்களைக் காட்டிலும் வியப்புக்குரியது. அதனை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே நமது நோக்கமாயினும், வீட்டைப் பாராமல் வீட்டுக் கணக்கைப் பார்த்தல் முறையன்றாகலின், முதலிற் கட்டடத்தைப் பார்ப்போம்.

பல நூற்றாண்டுகள் வரை இலண்டன் மேயருக்கென்று தனி வீடு இருந்ததில்லை. அவரவர் தம் சொந்த வீட்டிலோ, ஏதேனுமொரு வணிகச் சங்கத்தின் மண்டபத்திலோ இருந்து பதவியை நடத்தி வந்தனர். 1666-ம் ஆண்டுப் பெருந்தீயில் நகரம் வெந்து சாம்பரான பின்னர், புதிய நகரில் மேயருக்கொரு மாளிகை வேண்டுமென்ற பேச்சு எழுந்து, எழுந்தவாறே அடங்கிவிட்டது. இதற்கிடையில் டப்ளின் நகரத்தார் 1715-ல் ஒரு வீட்டை விலைக்கு வாங்கித் தம் மேயரைக் குடியேற்றினர். யார்க் நகரத்தார் 1725-ல் தொடங்கி 1732-க்குள் தம் மேயருக்கு ஒரு மாளிகையைக் கட்டி முடித்தனர். உலக வர்த்தகத்துக்கெல்லாம் தாமே தலைவரென்று எண்ணியிருந்த இலண்டன் வர்த்தகப் பெருமக்களுக்கு இது எவ்வாறு இருந்திருக்குமென்று கூறவேண்டுவதில்லை.

மாளிகைக்குத் தெரிந்தெடுத்த இடம் ஸ்டாக்ஸ் மார்க்கெட் என்ற பழைய சந்தை. குற்றவாளிகளின் காலைப் பிணிக்கும் தொழுமரம் அவ்விடத்தில் நாட்டப்பட்டிருந்தமையால் அப்பெயர் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் அங்கே மீனும் இறைச்சியும் விற்றனர். பெருந்தீக்குப் பின் காயும் கனியும் விற்றனர். அச்சந்தையின் நடுவே நின்ற சிலையொன்றைப் பற்றிச் சிறிது கூறாமற் செல்ல மனம் வரவில்லை. இரண்டாம் சார்ல்ஸ் மன்னன் குதிரைமேல் அமர்ந்து, தன் தந்தையின் பகைவனாகிய கிராம்வெல்லைக் காலின்கீழ் மிதித்திருப்பதாக அமைந்த சிலை அது. 1672-ல் ஒரு பெருஞ்செல்வர் அதனை நிறுவினார். உண்மையில் அது போலந்து நாட்டு வீரர் சோபியெஸ்கி ஒரு துருக்கியனை மிதிப்பதாக இத்தாலியிற் செய்யப்பட்டதென்றும், மலிவாக வாங்கி முகத்தை மட்டும் மாற்றி நிறுத்தினரென்றும் கூறுவர். அவசரத்திற் கீழே கிடந்தவனுடைய தலைப்பாகையை எடுக்க மறந்தனர். ஆகவே தலைப்பாகை கட்டிய கிராம்வெல் அறுபதாண்டுக்கு மேலாகக் காய்கறிச் சந்தையில் மிதியுண்டு கிடந்தார். மாளிகை கட்டுவதற்கு இடம் வேண்டியபோது சிலை அகற்றப்பட்டது. இப்பொழுது யார்க்ஷயரில் ஒரு பிரபுவின் தோட்டத்தில் நிற்கின்றது. சந்தைக்காரர் பிலீட் ஓடையை மூடி அதன்மேல் அமைத்த புதிய சந்தைக்குச் சென்றனர்.

மாளிகையின் வரைப்படத்துக்குப் பெரிய சிற்பாசிரியர் சிலர் போட்டியிட்டனர். கிப்ஸ், லியோனி முதலியோர் அவர்களுள் அடங்குவர். பர்லிங்டன் பிரபு இத்தாலியப் பேராசிரியராகிய பல்லாடியோவின் படமொன்றை அனுப்பினாரென்றும், நகரசபையார் ஒருவர் எழுந்து, 'யார் இந்தப் பல்லாடியோ? நம் நகரத்தில் உரிமை பெற்றவரா?' என்று வினவினாரென்றும், மற்றொருவர் அவர் கத்தோலிக்கரென்று சொல்ல, அத்துடன் அப்படம் தள்ளப்பட்டதென்றும் ஒரு கதை வழங்குகின்றது. பல்லாடியோ 1580-லேயே இறந்தவர். கதை மெய்யோ பொய்யோ, நகரசபையாரைப் பற்றி அக்காலத்தவர் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அதுவே போதும். முடிவில் நகரத்தின் சொந்த மராமத்து அதிகாரியாகிய ஜார்ஜ் டான்ஸ் என்பாரிடமே வேலை ஒப்புவிக்கப்பட்டது. அவர் வரைந்ததும் பல்லாடியோவின் முறையைத் தழுவியதேயாகும்!

1739-ம் ஆண்டு அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பெற்றது. வால்புரூக் என்ற பழைய ஓடை ஓடிய நிலமாகையால் தோண்டத் தோண்ட நீர் ஊறிற்று. மரமுளைகளை நெருக்கமாக அடித்து இறக்கி அவற்றின்மேல் அடிப்படை போட வேண்டியதாயிற்று. வேலை பதின்மூன்று ஆண்டு நடந்தது. செலவு 70,000 பவுனுக்கு மேற்பட்டது. 1752-ல் ஸர் கிறிஸ்ப் காஸ்கோய்ன் என்ற மேயர் முதன்முதலாகக் குடிபுகுந்தார்.

இடம் குறுகலானது; ஆசை பெரியது. இவ்விரண்டுக்கும் இடையில் நடந்த போராட்டத்தை அக்கட்டடத்தில் இன்றுங் காணலாம். முரட்டுக் கல்லாலாகிய கீழ்த்தளத்தின்மேல் கொரிந்திய முறைத் தூண்கள் ஆறு உயர்ந்து நிற்கின்றன. அவற்றின்மேல் முக்கோண முகப்பு. அதிலே ராபர்ட் டெய்லர் செதுக்கிய சிற்பத் தொகுதி. நடுவே இலண்டன் நகரம் ஒரு பெண்ணுருவாக நின்று பொறாமையைக் காலால் மிதிக்கின்றது; ஒருபுறம் வளமை என்னும் நங்கை செல்வத்தைச் சொரிகின்றாள்; மறுபுறம் தேம்ஸ் நதி ஆணுருவிற் சாய்ந்திருக்கின்றது. டப்ளினையும் யார்க்கையும் பார்த்துக் கட்டத் தொடங்கியவர்கள் முகப்பில் பொறாமையை மிதிப்பதுபோற் செதுக்கி வைத்ததை நாம் குறையாகக் கூறவில்லை, கண்டு மகிழ்கின்றோம்.

உள்ளே முன்கூடங்களைத் தாண்டிச் சென்றால் நடுவில் ஒரு முற்றமும் அதற்கப்பால் எகிப்திய மண்டபமும் இருந்தன. எகிப்திய மண்டபத்தில் எகிப்தைச் சேர்ந்த பொருள் ஒன்றேனும் இல்லை. நாற்புறமும் தூண் வரிசையும் அவற்றின்மேல் ஒளிபுகும் சாளரமுமாக அமையும் கூடத்தை உரோமப் பழஞ்சிற்பியாகிய விட்ருவியஸ் எகிப்திய முறை என்று குறித்தார். பல்லாடியோ அதனைப் படமாக வரைந்தார். டான்ஸ் அதைக் கட்டினார். சுமார் 350 பேர் ஒருங்கே அமர்ந்து உண்ணத்தக்கது அம்மண்டபம். அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் பிற்காலத்தவை. அவற்றில் ஜான் மன்னன் மக்னா கார்ட்டா என்னும் உரிமைப் பத்திரத்தை அளிக்கும் காட்சியும் இருக்கின்றது. 1381-ல் ஏழைக் குடியானவர்களின் தலைவனாகிய வாட் டைலரை அன்றைய மேயர் வால்வொர்த் வெட்டிய காட்சியும் இருக்கின்றது. இரண்டையும் ஒரே மண்டபத்தில் வைத்த துணிவு பெரிது.

கூரையின்மேல் முன்னும் பின்னுமாக இரண்டு உயர்ந்த மாடங்கள் இருந்தன. தெருவிற் சென்றோர் அவற்றுள் ஒன்றை மேயரின் கூடு என்றும், மற்றொன்றை நோவாவின் பேழை என்றும் நகையாடினர். ஊரார் வாய்க்கு அஞ்சியோ, மழை ஒழுக்குக்கு அஞ்சியோ, பேழை 1795-ல் இடிக்கப்பட்டது. கூடு 1843-ல் எடுக்கப்பட்டது. முன்னதை இடித்தவர் டான்ஸின் புதல்வர். நடு முற்றத்துக்குக் கூரையிட்டவரும் அவரே. தந்தை கட்டியதை மகன் திருத்தியதால் மாளிகை ஓரளவு இலகுவாயிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம்.

இலண்டன் நகரில் மேயருக்கு அடுத்தபடி ஷெரீப் என்னும் பதவி ஒன்றுண்டு. ஆண்டுக்கு இருவர் தேர்ந்தெடுக்கப்படுவர். அது கௌரவமான பதவி, செலவும் மிகுந்தது. செல்வர் பலர் அதை ஏற்க விரும்பாது தண்டம் செலுத்தி விலகிக்கொள்வதுண்டு. மாளிகை கட்டுவதென்று முடிவு செய்தபோது இத்தண்டப் பணத்தையே அதற்கு மூலதனமாக ஒதுக்கினர். வரி போடாமல், கடன் வாங்காமல், விருப்பமில்லாதவரிடம் வாங்கிய பணத்தால் மாளிகை எழும்! இதுவரையில் குற்றமொன்றுமில்லை என்று நேயர்கள் எண்ணலாம். ஆனால் அந்நாட்டுச் சட்டத்தில் மற்றொரு விதி இருந்தது.

1661-ம் ஆண்டில் பார்லிமெண்டு இயற்றிய சட்டமொன்றின்படி, நகர ஸ்தாபனங்களில் பதவிக்கு வருவோர், தேர்தலுக்கு முந்திய ஓராண்டுக்குள் இங்கிலாந்து அரசாங்கத் திருச்சபையின் முறைப்படி திருவிருந்து உட்கொண்டவராயிருத்தல் வேண்டும். அச்சபையோடு இணங்காத கிறிஸ்தவர்கள், அதாவது பிரஸ்பிட்டீரியர், பாப்திஸ்துகள், சுயேச்சைச் சபையார் முதலியோர், இலண்டன் வர்த்தகரிடையே மிகப் பலர். இவர்களை இணங்காதார் என்று குறிப்போம். வழிபாட்டுக்கென 1689-ல் இவர்களுக்கு உரிமை வழங்கப்பட்டது, பதவிக்கு வழங்கப்படவில்லை. சிலர் ஆண்டுக்கொருமுறை அரசாங்கத் திருச்சபையிற் சென்று திருவிருந்துண்டு பதவி பெற்றனர். 1697-ல் மேயரான ஸர் ஹம்பிரி எட்வின் அங்ஙனம் பதவி பெற்றபின், நகரத்தின் வாளும் செங்கோலும் முன்செல்லத் தம் சொந்தச் சபைக்கு வழிபடப் போக, நாடெங்கும் ஆரவாரம் உண்டாயிற்று. பதவிக்காகத் தெய்வத்தின் முன் நடிப்பது தகாதென்று கருதி விலகி நின்றோரும் பலர். நாம் பேசப்போவது இவர்களைப் பற்றியே.

இவ்விடத்தில் நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதே காலத்தில், 1688-ல், கிழக்கிந்தியக் கம்பெனியார் இலண்டனைப் பார்த்துச் சென்னைப் பட்டணத்தில் ஒரு மேயரையும் பன்னிரண்டு ஆல்டர்மென்களையும் ஏற்படுத்தினர். அப்பன்னிருவருள் ஆங்கிலேயரோடு போர்த்துக்கேயர் இருந்தனர், யூத வணிகர் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். உள்ளூராரை வரி கொடுக்க இசைவிக்கவே கம்பெனியார் அவர்களைச் சேர்த்தனர் என்பது உண்மை. தாராள மனத்தால் அன்று. எனினும், வங்காளக் கடற்கரையில் ஓர் இந்து வணிகர் அமர்ந்த ஆசனத்தில், தேம்ஸ் நதிக்கரையில் ஓர் ஆங்கிலேயப் பாப்திஸ்து தம் மனச்சாட்சியை விற்காமல் அமரமுடியவில்லை.

மாளிகை பாதி எழுந்து பணம் போதாதிருந்த நிலையில், 1748-ல் நகரசபை ஓர் உபவிதியை இயற்றிற்று. ஷெரீப் பதவிக்குப் பெயர் குறிக்கப்பட்டவர் தேர்தலுக்கு நிற்க மறுத்தால் 400 பவுனும் 20 மார்க்கும் தண்டம். தேர்ந்தெடுக்கப்பட்டபின் பதவியேற்க மறுத்தால் 600 பவுன் தண்டம். அப்பணம் மேயர் மாளிகைக்குச் சேரும். பின்னர் நடந்ததை ஊகிக்க அதிக நேரம் வேண்டுவதில்லை. இணங்காதாருள் செல்வராயிருந்தோர் ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏற்றுக்கொள்வாரென்று எதிர்பார்த்து அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏற்றுக்கொள்ள மாட்டாரென்று அறிந்தே தேர்ந்தெடுத்தனர். கண்பார்வையற்ற ஒருவரும், படுக்கையை விட்டு எழாத ஒருவரும் அவ்வாறு பெயர் குறிக்கப்பட்டனரென்று அக்கால வரலாற்றிற் காண்கின்றோம். கதவை உட்புறம் தாழிட்டுவிட்டு, 'ஏன் வரவில்லை?' என்று வெளியே நிற்பவனிடம் தண்டம் கேட்பதற்கு இது ஒப்பாகும். பதவியேற்றால் பார்லிமெண்டின் சட்டப்படி குற்றம். ஏற்காவிட்டால் நகரசபையின் உபவிதிப்படி குற்றம். இவ்வகையிற் சேர்ந்த பணம் 15,000 பவுனுக்கு மேற்பட்டது. கட்டடச் செலவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு! அத்தூண்கள் ஆறில் ஒன்று இணங்காதாருடையது என்று கூறினால் அது மிகையாகாது.

பலர் பணத்தைக் கட்டிவிட்டு வாளாவிருந்தனர். வர்த்தகருக்கு வழக்குச் செலவினும் தண்டம் மலிவு. ஆனால் 1754-ல் ஷீப், ஸ்திரீட்பீல்டு, ஆலன் எவான்ஸ் என்ற மூவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவியையும் மறுத்துத் தண்டத்தையும் மறுத்தனர். இலண்டனிலுள்ள இணங்காதாரின் உரிமைகளைக் காப்பதற்கென 1732-ல் ஏற்பட்டிருந்த பிரதிநிதிகள் குழு அவர்களுக்குத் துணை நின்றது. நகரத்தின் நியாயஸ்தலங்கள் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தன, அது வியப்பன்று. வழக்கு மேலே சென்றபோது 1762-ல் தீர்ப்பு மாறிற்று. நகரசபை விடவில்லை; பிரபுக்கள் சபைக்கு அப்பீல் செய்தது. ஆண்டுகள் கழிந்தன.  எவான்ஸ் ஒருவரே எஞ்சினார், அவரும் நோயாளி.

நகரசபையாரின் வாதம் சாமர்த்தியமானது. 'திருவிருந்து உண்ணாதவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்பது உண்மை. ஆனால் உண்ணாமலிருந்தது அவருடைய குற்றமல்லவா? தன் குற்றத்தையே ஒருவன் தனக்குச் சாக்காகக் காட்டலாமா?' என்பது அது. அப்படியாயின் திருச்சபைக்கு இணங்காமை குற்றமா என்ற ஒரு வினாவில் வழக்கு முழுவதும் வந்து நின்றது. மாளிகைச் செலவைப் பற்றித் தொடங்கிய வழக்கு, ஒரு நாட்டில் மாறுபட்ட நம்பிக்கையுடன் வாழ்வது குற்றமா என்ற வழக்காக முடிந்தது.

நீதிபதிகள் எழுவரிடம் பிரபுக்கள் சபை அபிப்பிராயம் கேட்டது. அறுவர் எவான்ஸ் பக்கம் நின்றனர். 1767-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி மான்ஸ்பீல்டு பிரபு பேசினார். 1689-ம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் இணங்காதாரின் வழிபாடு பொறுத்துக்கொள்ளப்பட்டது மட்டுமன்று, சட்டத்தின் பாதுகாப்பையே பெற்றதென்றும், இணங்காமை இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி குற்றமாகாதென்றும், மனச்சாட்சியை வற்புறுத்துதலினும் நியாயத்துக்கு மாறானது வேறில்லை என்றும் அவர் விளக்கினார். பதவி கொடுக்க வேண்டுமென்று விரும்பியன்று, பணம் பறிக்கவே அவ்விதி செய்யப்பட்டதென்பதையும் மறைக்காமற் கூறினார். நகரசபை தோற்றது. எவான்ஸ் அப்பொழுது மரணப்படுக்கையில் இருந்தாரென்றும், தீர்ப்பைக் கேட்டு அமைதியுற்றாரென்றும் கூறுவர். தீர்ப்பு வந்தபோது மாளிகையில் மேயர் குடிபுகுந்து பதினைந்தாண்டு ஆகியிருந்தது.

அத்தீர்ப்பினால் இணங்காதாருக்குத் தண்டம் ஒழிந்ததேயன்றிப் பதவி கிட்டவில்லை. 1661-ம் ஆண்டுச் சட்டம் அதன்பின் அறுபது ஆண்டு உயிருடனிருந்து 1828-லேயே அழிந்தது. யூதர்க்குக் கதவு அப்பொழுதும் திறக்கவில்லை. டேவிட் ஸாலமன்ஸ் என்பவர் 1835-ல் ஷெரீப்பாகவும் பின்னர் ஆல்டர்மெனாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆல்டர்மென் பதவிக்குரிய பிரமாணத்தில் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கூறும் சொற்கள் இருந்தமையால் அவர் தடுக்கப்பட்டார். 1845-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1855-ல் அவர் மேயராகி மான்ஷன் ஹவுஸிற் குடிபுகுந்த முதல் யூதரானார். பல்லாடியோவைக் கத்தோலிக்கரென்று தள்ளிய கதைக்கு விடைபோல, 1887-ல் போலிடோர் டி கெய்ஸர் என்ற கத்தோலிக்கர் மேயரானார். பெண்ணொருவர் மேயராக நுழைவதற்கு 1983 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்குமுன் பெண்கள் அங்கே நுழையவில்லை என்று எண்ணவேண்டாம். வேறு வாயிலால் நுழைந்தனர். மேயரே நகரத்தின் தலைமை மாஜிஸ்திரேட்டு ஆகையால், 1849 முதல் 1999 வரை அம்மாளிகையின் ஓர் அறையிலே நியாயஸ்தலம் நடந்தது. கைதிகளை வைப்பதற்குப் பதினொரு சிறு சிறைகள் உண்டு. பத்து ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. பெண்களுடையதற்குப் பறவைக்கூண்டு என்று பெயர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரும் அங்கு அடைக்கப்பட்டிருந்ததாகக் கூறப்படுகின்றது.

இம்மாளிகைக்கும் தென்னாட்டுக்கும் நேரான தொடர்பு 1877-ல் ஏற்பட்டது. முந்திய ஆண்டில் மழை பொய்த்துச் சென்னை மாகாணமெங்கும் பெரும் பஞ்சம் பரவியிருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் கூறியது அதுவே. பல இலட்சம் மக்கள் அதில் மடிந்தனர். பலர் பிழைப்புத் தேடி இலங்கைக்கும் இம்மலாய் நாட்டுக்கும் கப்பலேறினர். அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னையிற் கூடிய பொதுக்கூட்டம், கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் தலைமையில், இலண்டன் லார்ட் மேயருக்குத் தந்தியடித்து உதவி வேண்டிற்று. சிக்கனமே பஞ்ச நிர்வாகமென்று கருதியிருந்த வைஸ்ராய் லிட்டன் பிரபுவுக்கு இது பிடிக்கவில்லை. ஆயினும் மேயர் ஸர் தாமஸ் ஒயிட் மான்ஷன் ஹவுஸில் நிதியொன்றைத் திறந்தார்.

சில மாதங்களுக்குள் 5 இலட்சம் பவுனுக்கு மேல் அங்கே சேர்ந்தது. கட்டடத்துக்குச் செலவான தொகையைப்போல் ஏழு மடங்கு. எவரையும் வற்புறுத்தி வாங்கியதன்று. சென்னையில் நிவாரணக் குழுவின் காரியதரிசியாயிருந்த வில்லியம் டிக்பி என்ற பத்திரிகாசிரியர் அப்பணத்தின் வரலாற்றை விரிவாக எழுதி வைத்திருக்கின்றார். சர்க்காரின் கஞ்சித் தொட்டிகளுக்கு அதனைக் கொடுக்கவில்லை. மழை திரும்பியபோது கையில் ஒன்றுமின்றி நிலத்தைப் பார்த்து நின்ற குடியானவனுக்கு விதைத் தானியமாகவும், உழவு மாடாகவும், பசிக்கு விற்றுவிட்ட வீட்டுக் கூரைக்குப் பதிலாக ஓலையாகவும், கந்தையும் இல்லாதிருந்தோர்க்குத் துணியாகவும் அது போய்ச் சேர்ந்தது.